கேக் மேல இருக்கிற ‘செர்ரி’ உண்மையில் செர்ரியா? வேலியோரக் களாக்காயின் கதை

ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். ஒவ்வொரு துண்டின் உச்சியிலும் பளபளவென்று ஒரு சிவப்பு உருண்டை உட்கார்ந்திருக்கும். சிலர் அதை முதல் வேலையாக ஒதுக்கி வைப்பார்கள். சிலர் கடைசி வாய்க்கென்று பத்திரப்படுத்துவார்கள். கல்யாண வீட்டு பீடாவில் குச்சியால் குத்தி வைத்திருப்பதும் அதுதான். ஃபலூடாவின் தலையில், ஐஸ்கிரீம் கப்பில், ஃப்ரூட் பன்னின் வயிற்றில் இருப்பதும் அதுதான். நம்ம ஊரில் அதுக்குப் பேர் ‘செர்ரி’.

அடுத்த முறை மளிகைக் கடையில் அந்தச் சிவப்பு டப்பாவையோ பாக்கெட்டையோ பார்த்தால், திருப்பி பின்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் பட்டியலில் சர்க்கரைக்குப் பக்கத்தில் ‘கரோண்டா’ என்று ஒரு வார்த்தை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியில் கரோந்தா. தமிழில் களாக்காய். காஷ்மீரிலும் இமாச்சலிலும் விளையும் நிஜ செர்ரிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. களா, அரளிக் குடும்பத்துப் பிள்ளை.

ஆக, ‘களாக்காயா? அப்படின்னா என்ன? நான் சாப்பிட்டதே இல்லையே’ என்று சொல்கிற பலரும் வருஷத்துக்கு நாலு தடவையாவது அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேர் தெரியாமல் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

முள்ளும் பாலும்

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தாவரவியல் பெயர் கரிஸ்ஸா கரண்டாஸ். ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, புதராக அடர்ந்து வளரும். எப்போதும் பச்சையாக இருக்கும். இலைகள் தடிப்பாக, மினுமினுப்பாக, ஜோடி ஜோடியாக நிற்கும். மல்லிகையைப் போல வெள்ளை வெள்ளையாக, ஐந்து இதழோடு பூக்கும். வாசமும் மல்லிகையை ஞாபகப்படுத்தும். ஆனால் பறிக்கக் கை நீட்டினால், கணுவுக்குக் கணு முள். சில முட்கள் நுனியில் இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒரு கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும்.

காய் சின்னது. ஒன்றிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை. முதலில் பச்சை, அப்புறம் வெள்ளையோடு இளஞ்சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு, நன்றாகப் பழுத்தால் கறுப்பு. பச்சைக் காயைக் கடித்தால் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிப்பும் துவர்ப்பும். கறுத்த பழம் புளிப்போடு இனிக்கும். உதட்டில் லேசாகப் பிசுபிசுக்கும். அது அந்தப் பாலின் வேலை. நாக்கும் பல்லும் ஊதா நிறமாகிவிடும் என்பதால், திருட்டுத்தனமாகப் பறித்துத் தின்ற பிள்ளைகள் வீட்டில் மாட்டிக்கொள்வது ரொம்ப சுலபம்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. கரிஸ்ஸா ஸ்பைனாரம் எனும் சிறுகளா. காய் இன்னும் சின்னது, காட்டுச் செடி. சோழமண்டலக் கடற்கரையோரம் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில், புதுச்சேரி, கடலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் காடுகளில் இதைப் பார்க்கலாம். சென்னைவாசிகள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்காவின் முட்புதர்களுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய காய் உடையதை இதிலிருந்து பிரித்துக் காட்ட பெருங்களா என்று சொல்வார்கள்.

தமிழுக்கு இது புதுச் செடியும் இல்லை. புறநானூற்றுப் புலவர்கள் பாணன் கையிலிருக்கும் சிறிய யாழின் கரிய தண்டைச் சொல்ல வந்தபோது, உவமைக்கு எடுத்துக்கொண்டது களாப்பழத்தின் கறுப்பைத்தான். உவமை என்றால் கேட்பவருக்கு உடனே கண்ணில் தெரியவேண்டும். அப்படியென்றால் அன்றைக்கு எல்லோரும் பார்த்த பழம் அது. திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு, களாச் செடி நிறைந்த காடு என்பதால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காயே மேல் என்ற பழமொழி ஊருக்கு ஊர் வார்த்தை மாறி இன்னும் புழங்குகிறது. அந்தப் பழமொழியில் களாக்காய்க்குக் கிடைத்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள். பலா பெரிய ஆள். களா கைக்கு எட்டுகிற, காசு கொடுக்காமல் கிடைக்கிற எளிய சரக்கு.

காய் செர்ரி ஆகும் கதை

நிஜ செர்ரி விலை அதிகம், மென்மையானது, சீசனும் சில வாரங்கள்தான். பேக்கரிக்குத் தேவை வருஷம் முழுக்கக் கிடைக்கும், உருண்டையான, கடித்தால் லேசாக எதிர்ப்புக் காட்டும் ஒரு சிவப்புப் பொருள். களாக்காயில் பெக்டின் நிறைய இருக்கிறது. சதை கெட்டி. அளவும் கச்சிதம். விலையோ மலிவு. இதைவிட வசதியான மாற்று கிடைப்பது கஷ்டம். டூட்டி ஃப்ரூட்டி என்ற பெயரில் நாம் தின்பது பச்சைப் பப்பாளி என்பதும் இதே வகைக் கதைதான்.

இதற்கு வேண்டியது பழம் இல்லை, காய். பழுக்கும் முன்னே, கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். விதையை எடுத்துவிட்டு, உப்புக் கரைசலில் ஊறவைத்து, கந்தக டை ஆக்சைடு தரும் உப்புகளால் இயற்கை நிறத்தை வெளுக்கவைப்பார்கள். கால்சியம் உப்பு சேர்த்தால் சதை இன்னும் இறுகும். உப்பைக் கழுவி எடுத்தபின் நிறமேற்றி, சர்க்கரைப் பாகில் போடுவார்கள். பாகின் அடர்த்தியை ஒரேயடியாக ஏற்றினால் காய் சுருங்கிவிடும். அதனால் நாள் கணக்கில், படிப்படியாகக் கூட்டுவார்கள். கடைசியில் காயின் தண்ணீர் வெளியேறி, அந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டிருக்கும். களாவின் புளிப்பு, துவர்ப்பு, நிறம், வாசம் எல்லாம் போய், மிச்சம் இருப்பது அதன் உடம்பு மட்டும்.

நிறத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது எரித்ரோசின். லேபிளில் ‘ஐ.என்.எஸ். 127’ என்று இருக்கும். இத்தனை சிவப்புகள் இருக்க இது ஏன்? இந்தச் சாயம் புளிப்பான சூழலில் கரைந்து ஓடாமல் அங்கேயே படிந்துவிடும். அதனால்தான் வெள்ளை கிரீமின் மேல் செர்ரி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் சுற்றிலும் சிவப்புக் கசிவது குறைவு.

‘எரித்ரோசினை அமெரிக்காவில் தடை பண்ணிட்டாங்களாமே’ என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உண்மைதான். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உணவில் இதைப் பயன்படுத்துவதற்கான அனுமதியை ரத்து செய்தது. நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். அதிக அளவு கொடுக்கப்பட்ட ஆண் எலிகளுக்கு தைராய்டு கட்டி வந்ததுதான் காரணம். எலிக்கு அது வரும் வழிமுறை மனிதர்களிடம் இல்லை என்று அதே நிர்வாகமே சொல்கிறது. ஆனால் விலங்குக்கோ மனிதருக்கோ புற்றுநோய் உண்டாக்கும் எந்தச் சேர்மானத்தையும் உணவில் அனுமதிக்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை உணவில் சேர்க்க, சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரி வகைகளுக்கு மட்டும்தான் அனுமதி. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட எட்டு செயற்கை நிறங்களில் இதுவும் ஒன்று, அளவுக் கட்டுப்பாட்டோடு.

என்னைக் கேட்டால், கேக்கில் ஒரு செர்ரிக்காக யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. குழந்தைக்கு டப்பாவைத் திறந்து கொடுத்து உட்காரவைப்பது வேறு விஷயம். அது சாயத்தைவிட முதலில் சர்க்கரைப் பிரச்சினை. எனக்கு உறுத்துவது இன்னொன்று. முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘செர்ரி’, பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கரோண்டா’. நல்ல பேர் உள்ள ஒரு காய்க்கு எதற்கு இந்த மாறுவேஷம்?

உப்புக்காக ஒரு முள்வேலி

களாவைப் புரிந்துகொள்ள அதைப் பழச்செடியாகப் பார்க்கக் கூடாது. வேலியாகப் பார்க்கவேண்டும். பழம் அதன் உபரி.

கம்பி வருவதற்கு முன்னால் ஆடு, மாடு, பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காப்பாற்ற உயிர்வேலிதான் வழி. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் அந்த வேலையைக் கிளுவை செய்தது, இன்றும் செய்கிறது. வேறு இடங்களில் திருகுகள்ளி, கொடுக்காப்புளி, சப்பாத்திக்கள்ளி. இந்த வரிசையில் களாவுக்கும் நல்ல இடம் உண்டு. அடியிலிருந்தே கிளைவிட்டு அடர்வதால் கோழிகூட நுழையாது. வறட்சி தாங்கும். கல்லாங்குத்து நிலத்திலும் வரும். வெட்ட வெட்ட இன்னும் அடர்த்தியாகும்.

இதை பிரிட்டிஷ் அரசே ஒரு காலத்தில் பெரிய அளவில் பயன்படுத்தியது. உப்பு வரியைத் தவிர்த்து உப்பு கடத்துவதைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். 1869 வாக்கில் அது சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல். காவலுக்குச் சுமார் 12,000 பேர். ஆரம்பத்தில் காய்ந்த முட்களை வெட்டிக் குவித்துத்தான் வேலி அமைத்தார்கள். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 250 டன் முள் வேண்டியிருந்தது. அதையும் கறையான் தின்றது, தீ எரித்தது, காற்று பிய்த்தது. செத்த முள்ளுக்குப் பதில் உயிருள்ள செடியை நடுவதுதான் மலிவு என்று அந்தத் துறையின் ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் முடிவெடுத்தார். ஆமாம், பின்னாளில் 1885-ல் காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று பார்த்து நட்டார்கள். கருவேலம், இலந்தை, சப்பாத்திக்கள்ளி, இவற்றோடு களா.

சில இடங்களில் 12 அடி உயரம் வரை வளர்ந்த அந்த வேலி, சாதாரண ஜனங்களுக்கும் உப்புக்கும் நடுவில் நின்றது. 1879 ஏப்ரலில் அந்தச் சுங்கக் கோட்டையே அரசு கைவிட்டது. வேலி தேடுவாரில்லாமல் அழிந்தது. இப்படி ஒன்று இருந்ததே பலருக்கு மறந்துபோயிருந்த நிலையில், ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் அதன் மிச்சத்தைத் தேடி அலைந்து 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். உப்பைத் தடுக்க வளர்த்த செடியின் காயை, நம் வீடுகளில் உப்புப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுகிறோம். சரித்திரத்துக்கும் நகைச்சுவை உணர்வு உண்டுபோல.

அந்த வேலியின் கடைசி வருஷங்களில், 1874-ல், அமெரிக்காவின் இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். களாவுக்கு நிஜமான போட்டி அங்கிருந்துதான் கிளம்பியது. நம் ஊர் வரப்புக்கு அது வந்துசேரக் கொஞ்சம் காலம் பிடித்தது.

வேலி போனால் பழமும் போகும்

ஏன் களாப்பழம் சூப்பர் மார்க்கெட்டில் இல்லை? ப்ளூபெர்ரியும் கிவியும் கடல் தாண்டி வந்து ஏ.சி. அலமாரியில் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளூர் வேலியில் காய்ப்பது ஏன் அங்கே வருவதில்லை?

முதல் காரணம் பறிப்பு. ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. இன்றைக்குப் பத்து, நாளைக்குப் பதினைந்து என்று வாரக்கணக்கில் நீளும். ஒவ்வொன்றையும் முள்ளுக்குள் கைவிட்டு எடுக்கவேண்டும். கூலி கொடுத்துப் பறித்தால் கட்டுப்படியாகாது. இரண்டாவது, கறுத்துக் கனிந்த பழம் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. தொட்டால் நசுங்கும். பச்சைக் காய் ஒரு வாரமாவது தாங்கும். அதனால் சந்தைக்கு வருவது பெரும்பாலும் காய். தொழிற்சாலைக்கும் காய்தான் வேண்டும். ருசியான பழம், செடி இருக்கும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும். அதாவது ஆடு மேய்க்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், விறகு பொறுக்கப் போகும் பெண்கள். அவர்களுக்கு அடுத்து மைனா, கொண்டைக்குருவி, மரநாய்.

வேலி இருந்தவரை இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. செடி எப்படியும் அங்கே நிற்கப்போகிறது. பழம் இலவச இணைப்பு. எட்டினவர் பறித்தார், விழுந்ததைப் பறவை தின்றது. மிஞ்சின காயைப் பெண்கள் பறித்துவந்து கூறுகட்டி விற்றார்கள். பழத்துக்கென்று தனியாக யாரும் செலவழிக்கவில்லை, அதனால் நஷ்டமும் இல்லை. என்றைக்கு வேலிக்கு வேறு வழி வந்ததோ, அன்றைக்கே களாவை வைத்துக்கொள்ள இருந்த காரணம் போய்விட்டது. பழத்துக்காக மட்டும் இந்த முள்ளை யார் நடுவார்?

கம்பி வேலி இரண்டு நாளில் நிற்கும். களா வேலி அடைய மூன்று வருஷம். இன்னொரு காரணத்தை வெளியே சொல்லமாட்டார்கள். களா வேலி மூன்று நாலு அடி அகலத்துக்கு இடம் பிடிக்கும். கல்லுக்காலும் கம்பியும் அரை அடி. நிலத்தை ஏக்கரில் பேசிய காலத்தில் அந்த மூன்றடியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது சதுர அடிக்கு விலை. நூறு அடி நீளத்துக்கு மூன்றடி போனால் முந்நூறு சதுர அடி. மனை விற்கிறவரிடம் போய் அதைச் செடிக்கு விடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

வேலியோடு போவது பழம் மட்டும் இல்லை. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்ற அறிவும் போகிறது. களா அரளிக் குடும்பம் என்று மேலே சொன்னேன். அதே குடும்பத்தில்தான் செவ்வரளியும் மஞ்சள் அரளியும் இருக்கின்றன. இரண்டுமே உயிரைப் பறிக்கும் விஷம். மஞ்சள் அரளியின் காயும் பச்சையாக, கைக்கு அடக்கமாக இருக்கும். கிளையை ஒடித்தால் அதிலும் பால் வரும். கூடப் போகும் அக்காவோ பாட்டியோ ‘இது களா, இது அரளி’ என்று காட்டிக்கொடுத்த வரை ஒரு பிள்ளையும் குழம்பவில்லை. செடியையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளை, மொபைல் திரையில் பார்த்த போட்டோவை நம்பி வேலியில் கைவைப்பது ஆபத்து. தெரியாத இடத்தில் வளர்ந்த பால் வடியும் செடியின் காயை, தெரிந்தவர் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

இலைப் பொட்டலமும் கல் உப்பும்

மகாராஷ்டிரத்தில் களாப்பழத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறது. அங்கே பெயர் கர்வந்த். மே மாதம் ஆனால் சகியாத்ரி மலையோரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கூடைகளில் கொண்டுவந்து, இலையைச் சுருட்டிப் பொட்டலம் கட்டி விற்பார்கள். அவர்கள் கூவுவது ‘டோங்கர்ச்சி காளி மைனா’. அதாவது, மலையின் கறுப்பு மைனா. ஒரு பழத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் யாரும் எழுதமுடியாது.

தெலுங்கர்களுக்கு இது வாக்காய. புளிக்குப் பதிலாகக் களாக்காயைப் போட்டுத் துவரம்பருப்போடு வேகவைக்கும் வாக்காய பப்பு, ஆந்திர, தெலங்கானா வீடுகளில் மழைக்காலச் சாப்பாடு. புளியோதரைபோல இதில் சாதமும் கலப்பார்கள். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறவர்கள் சீசனில் கூடப் பணிபுரியும் நண்பரின் டிபன் பாக்ஸை எட்டிப் பாருங்கள். வங்காளத்தில் கரம்சா. இலங்கையில் சிங்களத்தில் கரம்ப.

நம் சமையலறையில் களாக்காய் என்றால் ஊறுகாய்தான். காயை இரண்டாகக் கீறி, விதை பிடிக்காதவர்கள் விதையை எடுத்துவிட்டு, கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். உப்பு இறங்கி, துவர்ப்பு அடங்கி, காய் தளர்ந்துவரும். பிறகு மிளகாய்ப் பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய். கீறும் முன் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் பால் பிடித்துக் கத்தியும் விரலும் ஒட்டும். எலுமிச்சை ஊறுகாய் கூர்மையாகக் குத்தும். களாக்காயின் புளிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, நாக்கின் ஓரத்தில் நிற்கும். தயிர்சாதத்துக்கு எனக்கு இதுதான் முதல் சாய்ஸ். மாவடு பிரியர்கள் மன்னிக்கவும்.

பெக்டின் இருக்கிறது என்றேனே, அதனால் ஜாம், ஜெல்லி செய்ய வெளியிலிருந்து எதுவும் சேர்க்கவேண்டியதில்லை. செக்கச்செவேல் என்று தானாகவே நிறமும் வரும். எரித்ரோசின் தேவைப்படாத சிவப்பு அது.

‘ரத்தம் ஊறும்’ என்பது எவ்வளவு உண்மை?

வாட்ஸ்அப்பில் களாக்காய் பற்றி வரும் தகவல்களில் அடிக்கடி கண்ணில் படுவது, இரும்புச்சத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது. இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில், களாக்காயில் 100 கிராமுக்கு 39.1 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கிறது. பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் அது உலர்ந்த களாக்காய்க்கு. பச்சைக் காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்த்தும்போது எல்லாமே பல மடங்கு செறிவாகும். பச்சைக் காயில் 42 கலோரி, உலர்ந்ததில் 364 கலோரி என்பதிலிருந்தே இது புரியும். ஊறுகாயாக ஒரு வேளைக்கு நாலு காய் தொட்டுக்கொள்கிறவருக்கு அதில் கிடைக்கும் இரும்பு சொற்பம்தான். ரத்தசோகைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் களாக்காய் ஜூஸுக்கு மாறுவது விபரீதம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து என்ற செய்தியும் சுற்றுகிறது. காயின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, ரத்தச் சர்க்கரை குறைந்ததாகச் சொல்கின்றன. எலிக்குக் கொடுத்த செறிவூட்டிய சாற்றின் அளவை அப்படியே உங்கள் தட்டுக்கு மாற்றமுடியாது. சர்க்கரை நோய் உள்ளவர் ஊறுகாயை அள்ளிச் சாப்பிட்டால் உப்புதான் கூடும்.

பாரம்பரிய வைத்தியத்தில் காயைப் பசியைத் தூண்டவும், பழத்தைப் பித்தத்தைத் தணிக்கவும் சொல்வார்கள். இலையைக் கஷாயமாக விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேரை எலுமிச்சைச் சாறும் கற்பூரமும் விட்டு அரைத்துச் சொறிக்குப் பூசும் வழக்கம் கொங்கண் பகுதியில் இருந்ததை 19-ம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. காய், பழம் வரைக்கும் சரி, வீட்டில் தாராளமாகச் சாப்பிடுங்கள். வேர் விஷயத்தில் மட்டும் யூடியூப் வைத்தியம் வேண்டாம். களா வேரில் இதயத் துடிப்பை மாற்றும் வேதிப்பொருள்கள் இருப்பதை 1960-களிலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குடும்பப் புத்தி என்று சொல்லலாம்.

மனை வாங்கியிருக்கிறீர்களா?

ஊர்ப்பக்கம் அரை ஏக்கரோ ஒரு மனையோ வாங்கிப் போட்டிருக்கும் ஐ.டி. ஊழியர்கள் நிறைய பேர். உடனே வீடு கட்டப்போவதில்லை. இப்போதைக்குச் சுற்றிலும் கம்பி போட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருதரம் போய்ப் பார்க்கிறார்கள். களாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது. கம்பி இருக்கட்டும், அதன் உள்பக்கமாக இரண்டு அல்லது மூன்றடிக்கு ஒன்று என்று கன்று நட்டுவிடலாம். எல்லைத் தகராறு வராமல் இருக்க, செடி முழுக்க உங்கள் பக்கமே இருக்கும்படி தள்ளி நடுங்கள்.

மழை ஆரம்பிக்கும்போது நடுவது உத்தமம். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற யாரிடமாவது சொல்லி வையுங்கள். அதற்குப் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. மூன்றாம் வருஷத்திலிருந்து காய்ப்பு வரும். பறித்து முடித்தபின் ஒருமுறை கத்தரித்துவிட்டால் வேலி அடர்த்தியாக நிற்கும். கத்தரிக்கும் ஆளுக்குத் தோல் கையுறை வாங்கிக்கொடுப்பது உங்கள் பொறுப்பு.

காய் பெரிதாக வேண்டும் என்றால் வெளியிட்ட ரகங்கள் இருக்கின்றன. உத்தராகண்டின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா. மகாராஷ்டிரத்தின் தபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் போல்டு. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தின் மரு கௌரவ், பெயருக்கேற்றபடி பாலைவனத்து ஆள். ஆனால் வேலிதான் நோக்கம் என்றால் அலைய வேண்டாம். உங்கள் ஊரிலேயே, இன்னும் யார் வீட்டு வரப்பிலாவது நிற்கும் பழைய செடியைத் தேடுங்கள். அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகினது அது.

ஆடி, ஆவணி வாக்கில் அதன் பழம் நன்றாகக் கறுத்திருக்கும். கேட்டுப் பறித்து, சதையைச் சாப்பிட்டுவிட்டு விதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்ந்ததும் தாமதிக்காமல் பாக்கெட்டில் விதைத்துவிடவேண்டும். டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்துவைத்தால் முளைக்காது. களா விதைக்கு உயிர் கொஞ்ச நாள்தான்.